சட்டம் போடுவது யார்?

காலையில் பால் பாக்கெட்டும் அரை கிலோ ரவையும் வாங்க வரும் அம்மா, "அண்ணாச்சி, ஒரு கவர் குடுங்க" என்கிறார். "கவர் தரக்கூடாதும்மா, சட்டம் போட்டுட்டாங்க" என்கிறோம். பத்து மணிக்குப் பருப்பு மண்டியிலிருந்து போன் வருகிறது. "இவ்வளவு மூட்டைக்கு மேல வைக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்களாம், சரக்கு எடுக்கிறதா இருந்தா இப்பவே சொல்லுங்க." இரவு பத்தரைக்கு ஷட்டரை இறக்கச் சொல்லிக் காவலர் வருகிறார். அதற்கும் காரணம் சட்டம்தான். ஒரே நாளில் மூன்று முறை நாம் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறோம். மூன்றும் மூன்று வெவ்வேறு சங்கதிகள் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நாம் சட்டத்தின் பெயரால் கட்டும் பணம் கொஞ்சமல்ல. கட்ட வேண்டியதைக் கட்டுவதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எது சட்டம், எது விதி, எது ஆணை, எது வெறும் வாய்ப்பேச்சு என்று தெரியாததனால் நாம் இரண்டு வழியில் இழக்கிறோம். கட்ட வேண்டாததைக் கட்டுகிறோம். கட்ட வேண்டியதை "இதெல்லாம் சும்மா ஒரு ஆர்டர்தானே" என்று விட்டுவிட்டு, பிறகு பத்து மடங்காகக் கட்டுகிறோம். ஆகவே இந்த இதழில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு கொஞ்சம் பேசுவோம்.

நம் கடைப் பேச்சில் எல்லாமே "போடுவது"தான். கணக்குப் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், சரக்குப் போடுகிறோம், பில் போடுகிறோம். அந்த வரிசையில் அரசாங்கமும் சட்டம் போடுகிறது. வீட்டில் பெரியவர் போடுவதும் சட்டம்தான். "நீ என்ன புதுசா சட்டம் போடறே" என்று கடைப்பையனைக் கேட்கிறோம். அதிகம் வாதாடுகிறவரை "சட்டம் பேசாதே" என்று அடக்குகிறோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளை மேய்த்தவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இன்று ஊர் வம்புக்கெல்லாம் தலை கொடுப்பவரை அப்படி அழைக்கிறோம். தச்சரிடம் போனால் கதவுக்கும் சட்டம், படத்துக்கும் சட்டம். நான்கு பக்கமும் கட்டி நிறுத்தும் மரக்கட்டை அது. அரசாங்கச் சட்டமும் அப்படி ஒரு மரச்சட்டந்தான் என்று வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாக விளங்கும். சட்டத்துக்குள் மாட்டும் படத்தை அடிக்கடி மாற்றலாம். சட்டத்தையே மாற்றுவது பெரிய வேலை.

எழுத்துத் தமிழில் சட்டத்தை யாரும் "போடுவது" இல்லை; "இயற்றுவது". புலவர் பாட்டு இயற்றுவார், நூல் இயற்றுவார். அதே வினைச்சொல்தான். திருக்குறளில் இறைமாட்சி அதிகாரத்தில் அரசின் வேலைகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் முதலாவதாக வரும் சொல்லும் இதுதான். அங்கே அதற்குப் பொருள், கருவூலத்துக்குப் பணம் வரும் வழிகளை உண்டாக்குவது. வணிகர்களாகிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை!

நம் மொழி ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வினைச்சொல் கொடுத்திருக்கிறது. சட்டம் இயற்றப்படும். விதி வகுக்கப்படும். ஆணை பிறப்பிக்கப்படும். அறிவிக்கை வெளியிடப்படும். சுற்றறிக்கை அனுப்பப்படும். தீர்ப்பு வழங்கப்படும். செய்தித்தாளில் இந்த வினைச்சொல்லை மட்டும் கவனித்துப் படித்தால் போதும், அதைச் செய்தது யார் என்று தெரிந்துவிடும். இயற்றுவது நாடாளுமன்றமும் சட்டமன்றமும். வகுப்பதும் பிறப்பிப்பதும் அமைச்சகம் அல்லது அரசுத் துறை. அனுப்புவது மேலதிகாரி. யார் செய்தார் என்று தெரிந்தால்தான் யாரிடம் போய் மாற்றச் சொல்வது என்று தெரியும். நாம் எல்லாவற்றையும் "போட்டுட்டாங்க" என்று ஒரே சாக்கில் கட்டிவிடுவதால், எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியாமல் போகிறது.

இயற்றுதல் என்பது ஒரு நாள் வேலையல்ல. முதலில் மசோதா, இப்போது சட்டமுன்வடிவு என்கிறார்கள். அது அவையில் அறிமுகமாக வேண்டும், விவாதித்து நிறைவேற்றப்பட வேண்டும், ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தர வேண்டும், அரசிதழில் வெளியாக வேண்டும். அதன் பிறகும் எந்தத் தேதி முதல் நடைமுறை என்று தனியே அறிவிக்க வேண்டியிருக்கும். "நிறைவேற்றம்" என்ற சொல்லில்தான் நாம் இடறுகிறோம். வேண்டுதலை நிறைவேற்றினோம் என்றால் காரியம் முடிந்தது என்று பொருள். சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது என்றால் பாதி வழிதான்.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பி டீக்கடையும் மளிகைக்கடையும் நடத்தும் நம்மவர்கள் அன்று மாலையே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஷிப்டு மாறினால் வியாபார நேரம் மாறும் அல்லவா? மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். நிறைவேறிய ஒன்று நடைமுறைக்கு வராமலே போயிற்று.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டது. நம் கடை நேரம், வார விடுமுறை, பணியாளர் வேலை நேரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதற்கு 2018-இல் ஒரு திருத்தம் செய்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 2-ஆம் தேதி. ஆறு ஆண்டு! நம்மில் சிலர் 2018-லேயே விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அந்தப் பேச்சே மறந்துபோன பிறகு அது வந்து நின்றது. இதே சட்டத்தில் 2021-இல் சேர்ந்த இன்னொரு திருத்தம், பணியாளர் உட்கார இருக்கை போட வேண்டும் என்பது. அதற்கு ஒரு சட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. நாள் முழுவதும் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணைக் கேட்டுப் பார்த்தால் சிரிப்பு வராது. ஒரு ஸ்டூலின் விலைதான், போட்டுவிடுவோம்.

தொழில் உரிமத்தின் கதை இன்னும் விசித்திரம். சி.டி.எச். சாலையில் பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் ஒரே சாலை, ஒரே வகைக் கடைகள்தான். ஆனால் உரிமத்துக்குப் பல காலம் வெவ்வேறு சட்டம். சென்னை மாநகராட்சிக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம். நகராட்சிகளுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோது கடை இருந்த இடத்திலேயே இருந்தது, சட்டம் மட்டும் மாறிவிட்டது. இவற்றையெல்லாம் ஒன்றாக்க 1998-இலேயே தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது நிறுத்தி வைக்கப்பட்டுக் கிடந்து, திருத்தங்களோடும் புதிய விதிகளோடும் 2023 ஏப்ரல் 13 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. 1998-இல் பிறந்த பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் வயது. உரிமம் புதுப்பிக்கப் போகும்போது பழைய பிரிவு எண்களை எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

இனி விதிக்கு வருவோம். சட்டம் பெரிய சட்டகத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு, "மற்றவற்றை அரசு விதிகளில் வகுத்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடும். நம் தினசரி வாழ்க்கை அந்த "மற்றவை"யில்தான் நடக்கிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம், தராசை முத்திரை இடாமல் பயன்படுத்தக்கூடாது என்கிறது. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? அது 2011-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. எடைக்கல்லுக்கும் படிக்கும் 24 மாதம், எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதம். கல்லில் எடை போட்ட காலத்துப் பழக்கத்தில் இரண்டு வருடம் என்று நினைத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் தராசை விட்டுவைத்தவர்கள் நம் உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். "சட்டத்துல அப்படி இல்லையே" என்று அவர்கள் வாதாடியதும் உண்மைதான். சட்டத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. விதிக்கும் அபராதம் உண்டு. சின்னக் குழந்தையும் புரட்டிப் பார்த்துக் கேட்கும் எம்.ஆர்.பி. என்ற மூன்றெழுத்தும் இந்தப் பொட்டலப் பொருள் விதிகளைச் சார்ந்ததுதான்.

ஆணையைப் பற்றி மளிகை மொத்த வியாபாரிகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் என்ற ஒன்று, ஒரு தலைமுறை வணிகர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. அதன் மூன்றாவது பிரிவு மத்திய அரசுக்கு ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. நாடாளுமன்றம் கூட வேண்டாம், விவாதம் வேண்டாம். பிறப்பித்த ஆணையைப் பின்னால் இரு அவைகளிலும் வைத்தால் போதும்.

2021 ஜூலை 2-ஆம் தேதி இப்படித்தான் பருப்புக்கு ஆணை வந்தது. பாசிப்பருப்பு நீங்கலாக மற்றவற்றை மொத்த வியாபாரி 200 டன்னுக்கு மேல் வைக்கக்கூடாது, அதிலும் ஒரே ரகம் 100 டன்னுக்கு மேல் கூடாது. சில்லறைக் கடைக்கு 5 டன். நம் கணக்கில் சொன்னால் 50 கிலோ மூட்டை நூறு. மண்டிகளில் ஒரே பரபரப்பு. பதினேழு நாள் கழித்து, 19-ஆம் தேதி, மொத்த வியாபாரிக்கு 500 டன், ஒரே ரகம் 200 டன் என்று தளர்த்தினார்கள். துவரை, உளுந்து, கடலை, மைசூர்ப் பருப்பு இவற்றுக்கு மட்டும் என்றும் குறைத்தார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை எந்த அமைச்சகமும் பதினேழு நாளில் இப்படித் திருத்த முடியாது. ஆணை என்பதால் முடிந்தது. வணிக அமைப்புகளும் அமைச்சகத்திடம் நேரடியாகப் பேசின. அது சரியான கதவு. 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும், 2024 ஜூனில் துவரைக்கும் கடலைக்கும் திரும்ப வரம்பு வந்தபோதும் வந்தது ஆணைதான். ஆணைதானே என்று அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. அதை மீறினால் தண்டனை தாய்ச் சட்டத்தின் ஏழாவது பிரிவில் இருக்கிறது; ஏழு ஆண்டு வரை சிறை. பேர்தான் சின்னது.

அதே அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்துக்கு 2020-இல் நடந்ததை மட்டும் ஒருவர் கவனமாகப் படித்தால், இயற்றுதல் என்ற சொல்லின் முழு ஆயுளையும் பார்த்துவிடலாம். 2020 ஜூன் 5-ஆம் தேதி அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. தானியம், பருப்பு, எண்ணெய், வெங்காயம், உருளை இவற்றுக்குச் சாதாரண காலத்தில் இருப்பு வரம்பு கிடையாது. கெடாத பொருளின் விலை ஐம்பது சதவீதமும், காய்கறியின் விலை நூறு சதவீதமும் ஏறினால்தான் வரம்பு என்றது அது. நம்மில் பலர் மனதுக்குள் பட்டாசு வெடித்தோம், ஒளிப்பானேன்! அவசரச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு. அவை கூடிய ஆறு வாரத்துக்குள் மசோதாவாகி நிறைவேறாவிட்டால் காலாவதி. செப்டம்பரில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அதனோடு வந்த மற்ற இரண்டு வேளாண் சட்டங்களையும் எதிர்த்து டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரி 12-இல் உச்ச நீதிமன்றம் மூன்றையும் நிறுத்தி வைத்தது. அதனால்தான் ஜூலையில் பழைய அதிகாரத்தை வைத்தே பருப்பு ஆணையைப் பிறப்பிக்க முடிந்தது. 2021 நவம்பரில் மூன்றையும் ரத்து செய்தார்கள். அந்த ரத்துக்கும் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தது நவம்பர் 19. நாடாளுமன்றம் ரத்து மசோதாவை நிறைவேற்றியது 29. சட்டத்தை எடுப்பதற்கும் சட்டம்தான் வேண்டும். பத்து நாளானாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இனி அறிவிக்கை. நம் கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை எப்படி வந்தது என்று புதிதாகக் கடை வைத்த பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்ல வேண்டிய கதை இது. 2022 ஜூலை 18 வரை, பிராண்டு பதிவு செய்த அரிசி பருப்புக்குத்தான் 5 சதவீத ஜி.எஸ்.டி. அன்று முதல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்ட வேண்டிய பொருள் என்று மாற்றினார்கள். அன்று வந்த அறிவிக்கையில் கிலோக் கணக்கே இருக்கவில்லை. விளக்கத்துக்கு எடையளவுச் சட்டத்தையும் அதன் விதிகளையும் பார்த்துக்கொள் என்று கை காட்டியது. அங்கே போனால், 25 கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்துக்கு அந்த விதிகள் பொருந்தா என்று 2011-இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தராசுத் துறை வேறு காரணத்துக்காக எழுதிய எண் வரித்துறையின் எல்லைக்கல்லாகிவிட்டது. 25 கிலோ சிப்பத்துக்கு வரி. 26 கிலோ சிப்பத்துக்கு இல்லை. 1,500 ரூபாய் மூட்டையில் 75 ரூபாய் வித்தியாசம். ஆலைக்காரர்கள் சாக்கில் அச்சை மாற்றினார்கள். வாடிக்கையாளர் "எதுக்கு அண்ணாச்சி இந்த ஒரு கிலோ?" என்று கேட்டார்கள். பதில் சொல்வதற்குள் வரிசை நீண்டுவிட்டது.

அப்போது நம் வட்டாரத்திலிருந்து சிலர் சேர்ந்து பக்கத்து வணிகவரி அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் வாங்கினார். படித்துவிட்டு, "ஐயா, இதை நான் போடவில்லை, எனக்கு மேலே இருப்பவரும் போடவில்லை" என்றார். அவர் சொன்னது சரி. ஜி.எஸ்.டி. விகிதத்தை ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைக்கிறது. ஒன்றிய அரசும் மாநில அரசும் அவரவர் சட்டத்தின் கீழ் அறிவிக்கை வெளியிடுகின்றன. கவுன்சிலில் நமக்காகப் பேசக்கூடியவர் மாநில நிதியமைச்சர். கவுன்சிலின் பரிந்துரை அரசுகளைக் கட்டுப்படுத்தாது, அது பரிந்துரைதான் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. அப்படியிருக்க நாம் நிதியமைச்சருக்கு எழுதாமல், முத்திரையிட்டு வாங்கிக்கொள்ள மட்டுமே அதிகாரம் உள்ள ஒருவரிடம் அரை நாள் கடையை மூடிவிட்டுப் போய் நின்றோம். இது நம்முடைய பிழை, வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

முதலில் சொன்ன கவருக்கு வருவோம். சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் ஓர் அறிவிப்பு வந்தால் மறுநாளே "சட்டம் வந்துடுச்சு" என்கிறோம். 2018 ஜூன் 5-ஆம் தேதி அப்படித்தான் பிளாஸ்டிக் தடையை அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அது அறிவிப்பு. ஜூன் 25-இல் அரசாணை எண் 84 வந்தது. அதற்கு அடிப்படை மாநிலச் சட்டம் எதுவும் அல்ல. 1986-ஆம் ஆண்டு மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த அதிகாரம். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. தடை செய்தாயிற்று, ஆனால் மாநகராட்சியும் நகராட்சியும் கடைக்காரருக்கு எந்தக் கணக்கில் அபராதம் போடுவது? அதற்கு அரசாணை போதவில்லை. 2019-இல் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தித்தான் வழி செய்தது. ஒரே கவருக்குப் பின்னால் பேச்சு, ஆணை, மத்தியச் சட்டம், மாநிலச் சட்டத்திருத்தம் என்று நாலும் இருக்கின்றன. பெரிய கம்பெனிகளின் பிஸ்கட், சிப்ஸ் உறைகளுக்குத் தொடக்கத்தில் விலக்கு இருந்தது நம்மவர்களுக்கு ஆறாத வருத்தம். அந்த விலக்கு ஆணையில் இருந்தது. ஆகவே 2020-இல் இன்னொரு ஆணையாலேயே அதை நீக்கினார்கள்.

இரவுக் கடை விவகாரத்தில் பலருக்கு இன்னும் தெளிவில்லை. 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பிரிவு அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் தருகிறது. அதைப் பயன்படுத்தி மூன்று ஆண்டுக்கு என்று கொடுத்த விலக்கு அது. 2022-இல் மேலும் மூன்று ஆண்டுக்கு நீட்டித்தார்கள். "அதான் சட்டம் வந்துடுச்சே" என்று காவலரிடம் வாதாடிய நம் சிறு கடைக்காரர்கள் ஆணையின் முதல் வரியைப் படித்திருந்தால் சங்கடம் நேர்ந்திருக்காது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கே அந்த விலக்கு. அப்பாவும் பிள்ளையும் ஒரு பையனுமாக நடத்தும் கடை அதில் வரவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லையே என்று கேட்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்க வேண்டிய இடம் தொழிலாளர் நலத்துறை. தெருமுனையில் நிற்கும் காவலரிடம் கேட்டுப் பயனில்லை.

சரியான கதவைத் தட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு 2025-ஆம் ஆண்டு ஜூலை ஒரு சாட்சி. கிராம ஊராட்சிப் பகுதிகளில் டீக்கடை உள்ளிட்ட தொழில்களுக்கும் உரிமம் கட்டாயம் என்று புதிய விதிகள் அரசிதழில் வெளியாயின. செம்பரம்பாக்கம், நசரத்பேட்டை போன்ற ஊராட்சிப் பக்கம் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கலங்கிப்போய் நம்மைக் கூப்பிட்டார்கள். "சட்டமன்றம் கூடாத நேரத்தில் எப்படிச் சட்டம் போட்டார்கள்?" என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. போட்டது சட்டம் அல்ல. சட்டம் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், ஏற்கெனவே இருப்பது. அதன் கீழ் துறை வகுத்த விதிகள் இவை. மாநிலம் முழுவதும் வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாட்களிலேயே அவற்றை நிறுத்தி வைப்பதாக ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர் அறிவித்தார். விதியை வகுத்த கையே அதை நிறுத்தவும் முடிந்தது. சட்டமன்றம் கூடும் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1996-இல் கொத்தவால்சாவடி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது நிலைமை அப்படியல்ல. குறிப்பிட்ட பொருட்களின் மொத்தச் சந்தை எங்கே இருக்கலாம் என்று சட்டமன்றமே ஒரு சட்டம் இயற்றிவிட்டது. அங்கே எந்த அமைச்சரைப் பார்த்தும் கொத்தவால்சாவடியைத் திருப்பிக் கொண்டுவந்திருக்க முடியாது.

கடைசியாக, சமீபத்தில் நம் உறுப்பினர் ஒருவர் கடையில் நடந்தது. திருமுல்லைவாயல் பக்கம் உள்ளடங்கிய தெருவில் சிறு மளிகை. இரண்டு பேர் வந்து, பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, "தமிழ் எழுத்துச் சின்னதா இருக்கு. புதுச் சட்டம் போட்டிருக்காங்க, தெரியாதா? ஒரு வாரத்துல மாத்தணும். எங்ககிட்ட சொன்னா நாங்களே பலகை செஞ்சு மாட்டிடுவோம். அபராதம் வராம பாத்துக்கறோம்" என்றார்கள். ஒரு தொகையும் சொன்னார்கள். அவர் முன்பணம் கொடுத்துவிட்டு, மனது கேட்காமல் நம்மிடம் வந்தார்.

நாம் அவரிடம் சொன்னது இதுதான். தமிழ்ப் பெயர்ப்பலகை வேண்டும் என்பது உண்மை, நியாயமும்கூட. தமிழ் மேலே இருக்க வேண்டும், அதற்கு மற்ற மொழிகளைவிட அதிக இடம் தர வேண்டும். ஆனால் அது புதுச் சட்டமும் அல்ல, சட்டமே அல்ல. கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-இல் 15-ஆவது விதி. தெரு முனையில் இருக்கும் நம் பெயிண்டர் எழுதினாலே போதும். அபராதம் என்றால் தொழிலாளர் துறை அதிகாரி தம் அடையாள அட்டையைக் காட்டி, எழுத்து மூலம் காரணம் சொல்லி, பணத்துக்கு ரசீது கொடுப்பார். "அவங்க திரும்ப வந்தா ரெண்டே கேள்வி கேளுங்க. இது சட்டமா, விதியா, ஆணையா? எண்ணும் தேதியும் என்ன? ஒரு தாளில் எழுதி வாங்கிக்குங்க."

அவர்கள் மறுவாரம் வந்தார்கள். நம்மவர் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துவிட்டு, "உட்காருங்க தம்பி, டீ சொல்றேன், எண்ணை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க" என்றாராம். வண்டியில் வைத்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து வருவதாகச் சொல்லிப் போனவர்கள் போனவர்கள்தான். முன்பணம் போனது போனதுதான். பழைய பலகையிலேயே தமிழைப் பெரிதாக எழுத பெயிண்டர் வாங்கியது எழுநூறு ரூபாய்.